அம்பத்தூர் 2 பிஹெச்கே, முதல்முறை வாடகைக்கு விடுகிறோம்: ஒப்பந்தம், அட்வான்ஸ், ஈபி, பெயிண்ட் பற்றிச் சில கேள்விகள்

மேல்மாடி (கேள்வி)

வணக்கம். அம்பத்தூரில் முதல் மாடியில் 850 சதுர அடி 2 பிஹெச்கே. எனக்கும் அண்ணனுக்கும் கூட்டுப் பத்திரம். நான் பெங்களூரில், அண்ணன் சிங்கப்பூரில். ஆவடியில் இருக்கும் சித்தப்பா மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க முடியும். கீழ்வீட்டில் இருப்பவர்கள் அவர்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள். வாடகை 16,000 எதிர்பார்க்கிறோம்.

புரோக்கர் சொல்வது: 10 மாத அட்வான்ஸ் வாங்கிவிடுங்கள், 11 மாத ஒப்பந்தம் போட்டால் எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை, முத்திரைத்தாள் சின்னதாக ஒன்று போதும், காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளலாம்.

இதில் எது சரி, எது வம்பு? சாவி கொடுக்கும் முன் வீட்டில் என்னவெல்லாம் பார்த்துவிட வேண்டும்? ஈபி யார் பெயரில் இருக்க வேண்டும்?

---

பத்திரக்காரர்

புரோக்கர் சொன்னதில் பாதி 2019க்கு முந்தைய கதை. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017இல் இயற்றிய நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது.

11 மாதம் பற்றி. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தே ஆக வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டம். 11 மாதம் என்று எழுதுவது அதிலிருந்து மட்டும்தான் விலக்குத் தரும். புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 11 மாதமோ 3 வருடமோ, வாடகை அதிகார அமைப்பிடம் அதைப் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் அந்த அமைப்பு. வாடகைப் பதிவுக்கென்றே அரசு நடத்தும் இணையதளத்தில் விண்ணப்பித்தால் ஒரு பதிவு எண் தருவார்கள். பின்னால் தகராறு என்று போனால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். எண் இல்லாத ஒப்பந்தத்தோடு போகிறவர் முதல் படியிலேயே தடுக்கி விழுவார்.

அந்தப் படிவத்தில் இருதரப்புப் பெயர், முகவரி, பான், ஆதார், வீட்டின் விவரம், குடியேறும் தேதி, வாடகை, மின்சாரம் தண்ணீர் போன்ற மற்றக் கட்டணங்கள், வீட்டோடு கொடுக்கும் சாமான்கள் எல்லாம் கேட்பார்கள். சொத்து மேலாளர் என்று ஒரு இடமும் இருக்கிறது. உங்கள் சித்தப்பாவை அங்கே போடுங்கள். அவர் எதைச் செய்யலாம் (வாடகை வாங்குவது, பழுது பார்க்கச் சொல்வது, வீட்டைப் பார்வையிடுவது) என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, நகலைக் குடிவருபவருக்கும் கொடுத்துவிடுங்கள். கடிதம் இல்லாமல் சித்தப்பா போய் நின்றால் 'நீங்க யாரு சார்' என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

அண்ணனும் உரிமையாளர் என்பதால் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும். அவர் வர முடியாவிட்டால் உங்கள் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுக்கட்டும். சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் சான்றளித்து அனுப்புவார்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

முத்திரைத்தாள்: 30 ஆண்டுக்குக் குறைவான குத்தகைக்குத் தமிழ்நாட்டில் மொத்த வாடகையில் 1 சதவீதம். உங்கள் கணக்கில் 16,000 வீதம் 11 மாதம் 1,76,000. வாடகைக்கு மட்டுமே தீர்வை 1,760 ஆகிவிடுகிறது. இதை மிச்சம் பிடித்தால், வழக்கு வரும் நாளில் அந்த ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்கப் பற்றாக்குறையோடு அதைப்போல் 10 மடங்கு வரை அபராதமும் கட்டச் சொல்லலாம்.

அட்வான்ஸ்: வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். உங்களுக்கு 48,000. எழுத்தில் இருவரும் ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்க இடம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் 1,60,000 வாங்கினால் காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டியவரும் நீங்கள்தான். அடுத்த குடித்தனக்காரர் தரும் அட்வான்ஸை வாங்கி முந்தையவருக்குக் கொடுப்பது என்று பழகிவிட்டால், நடுவில் வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடக்கும்போது கடன்தான் வாங்க வேண்டியிருக்கும். என் கருத்து: 3 மாதம் வாங்கி, தனி வைப்பில் போட்டு மறந்துவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். ஒப்பந்தம் முடியும் தேதியைப் பஞ்சாங்கம் பார்த்து வையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச யாரும் வரமாட்டார்கள். ஜூன் 1 தொடங்கும் 11 மாதம் ஏப்ரல் 30இல் முடியும். பள்ளி மாறுபவர்கள் வீடு தேடும் காலமும் அதுவே. ஆகஸ்டில் தொடங்கினால் முடிவது ஜூன் கடைசி. ஆள் தேடி முடிப்பதற்குள் ஆடி பிறந்துவிடும்.

---

திருகாணி

பத்திரம் பற்றி அவர் சொல்லிட்டார். நான் வீட்டுக்குள்ள பார்க்க வேண்டியதைச் சொல்றேன். அட்வான்ஸில் பிடித்தம் செய்ற சண்டை எல்லாமே 'இது முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு' என்ற ஒரே வாக்கியத்துலதான் ஆரம்பிக்கும். அதனால சாவி கொடுக்கற நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. சித்தப்பாவும் வர்றவரும் சேர்ந்தே சுத்திப் பாக்கணும்.

குளியலறைதான் முதல். நீங்க மாடி, கீழ வேற ஆளு. அவங்க கூரையில ஈரம் இறங்கினா நேரா உங்க கிட்டதான் வருவாங்க. குடி வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நஹானி ட்ராப் (தரையில தண்ணி வடியற குழி) வாயைத் துணியைச் சுருட்டி அடைச்சு, தரையில ஒரு அங்குலத்துக்குத் தண்ணி கட்டி 24 மணி நேரம் விடுங்க. கீழ்வீட்டுல அனுமதி வாங்கி அவங்க குளியலறைக் கூரையைப் பாருங்க. ஈரம் தெரிஞ்சா ட்ராப் விளிம்பு இல்லைன்னா டைல்ஸ் இணைப்பு. இணைப்பு மட்டும்னா டைல்ஸ் இடுக்குல இருக்கற பழைய சிமென்ட் பூச்சை (கிரவுட்) சுரண்டி எடுத்துட்டு எபாக்ஸி கிரவுட் போட்டாப் போதும். ட்ராப் விளிம்புன்னா சுத்தி நாலு டைல்ஸை உடைச்சுத்தான் ஆகணும். மேல வெள்ளை சிமென்ட் பூசறது ரெண்டு மாசத்துக்கு மேல நிக்காது.

கக்கூஸ் ஃப்ளஷ் டேங்க்: சொட்டு நீலம் நாலு சொட்டு டேங்குக்குள்ள விடுங்க. 15 நிமிஷம் யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது. கோப்பையில நீலம் இறங்கியிருந்தா உள்ள அடி வாஷர் போயிருச்சு. சத்தமே இல்லாம நாள் முழுக்கத் தண்ணி போயிட்டே இருக்கும், மோட்டார் ஓடிட்டே இருக்கும், ஈபி ஏன் ஏறுதுன்னு யாருக்கும் புரியாது.

மின்சாரம்: மெயின் போர்டுல ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா தானா கரண்டைத் துண்டிக்கற சுவிட்ச்) இருந்தா அதுல 'டி' (டெஸ்ட்) பட்டனை அழுத்துங்க. உடனே விழணும். விழலைன்னா மாத்தணும், அதுல பேச்சே இல்லை. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் உள்ளதுதான் போடணும். கீசர் பாயின்ட் 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். ஏசி பாயின்ட் இல்லாத ரூமுக்கு வர்றவர் ஒன்றரை டன் ஏசி கொண்டு வந்து, சாதாரண ப்ளக்குல மாட்டினா ஒயர் சூடாகி ஸ்விட்ச் போர்டு உருகும். ஏசி எந்த ரூம்ல மட்டும் போடலாம்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க. இல்லைன்னா நீங்களே 4 சதுர மில்லிமீட்டர் ஒயரும் தனி எம்சிபியும் (லோடு கூடினா விழற சுவிட்ச்) போட்டுக் கொடுங்க. வாடகை கேக்கவும் அது வசதி.

கீசர்: உங்க பக்கம் போர் தண்ணி உப்பா இருந்தா காயில்ல சுண்ணாம்பு படியும். தண்ணி சூடாக நேரம் ஆகுது, கொதிக்கற மாதிரி சத்தம் வருதுன்னா அதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டிச் சுத்தம் பண்ணணும். பிரஷர் வால்வு இறுகிடாம இருக்கான்னு அப்பவே பாத்துடச் சொல்லுங்க.

அப்புறம் வீடியோ. ஒரு ரூமுக்கு ஒரு வீடியோ, வாசல்ல ஆரம்பிச்சு இடமிருந்து வலமா சுவர், கூரை, தரை, ஜன்னல் கண்ணாடி. அப்புறம் ஃபேன் ஒவ்வொண்ணையும் 5ல வெச்சு ஓட விட்டு எடுங்க. குழாய் எல்லாம் திறந்து மூடி எடுங்க. கிச்சன் சிங்க்குக்கு அடியில ஒரு போட்டோ. மீட்டர் ரீடிங் ஒரு போட்டோ. எல்லாத்தையும் அன்னைக்கே வர்றவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி 'சரி'ன்னு ஒரு பதில் வாங்கிடுங்க. தேதி, நேரம் தானா பதிவாயிடும். கூடவே ஒரு தாள்ல: ஃபேன் 4, டியூப் லைட் 5, கீசர் 1, எக்ஸாஸ்ட் 2, மெயின் கதவு சாவி 3, ரூம் சாவி ஒவ்வொண்ணுக்கும் 2. ரெண்டு பேர் கையெழுத்து. முடிஞ்சது.

குடித்தனம் மாறும்போதெல்லாம் மெயின் கதவுப் பூட்டுல சிலிண்டரை மட்டும் மாத்திடுங்க. முழுப் பூட்டும் வேண்டியதில்லை. பழைய சாவி யார் யார்கிட்ட இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

---

மேல்மாடி

ரொம்ப நன்றி சார், இரண்டு பேருக்கும். தண்ணீர் கட்டிப் பார்ப்பது தோன்றவே இல்லை. இன்னும் மூன்று கேட்க வேண்டும். பழுது வந்தால் எது எங்கள் செலவு, எது அவர்களுடையது? பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது சரியா? வாடகையில் பாதி அண்ணனுக்குப் போக வேண்டும், அதற்கு வரி எப்படி?

---

பத்திரக்காரர்

சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பட்டியலே இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அதுதான் செல்லும். கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம், தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, ஒயரிங் இவையெல்லாம் உரிமையாளர் தலையில். டேப், வாஷர், அடைப்பு எடுப்பது, கழிப்பறை, வாஷ்பேசின், கீசர் பழுது, ஸ்விட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை இவை குடியிருப்பவருடையவை.

கவனித்தீர்களா, பெயிண்ட் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. ஒரு மாத வாடகை பிடிப்பது சென்னைப் பழக்கமே தவிரச் சட்டம் இல்லை. பிடிக்க நினைத்தால் எழுதி வையுங்கள், எழுதும்போது நியாயமாகவும் எழுதுங்கள். '2 ஆண்டுக்குள் காலி செய்தால் பெயிண்ட் செலவில் பாதி, அதற்கு மேல் இருந்தால் பிடித்தம் இல்லை' என்பது மாதிரி. 5 வருடம் குடியிருந்தவரிடம் ஒரு மாத வாடகையைப் பிடித்துவிட்டு, அடுத்தவருக்குப் பெயிண்டே அடிக்காமல் விடும் உரிமையாளர்களால்தான் இந்த விதிக்கு இவ்வளவு கெட்ட பெயர்.

சித்தப்பாவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். வீட்டைப் பார்க்கப் போவதானால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்பதெல்லாம் கூடாது. வாடகை பாக்கி என்றாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது, மேல் பூட்டு போடுவது கூடவே கூடாது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் புகார் உங்கள் மேல் போகும். முறையான வழி: 2 மாத பாக்கி ஆனதும் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனு. ஒப்பந்தம் முடிவுக்கு வந்த பிறகும் இறங்காமல் இருப்பவரிடம் மாத வாடகையைப்போல் இரு மடங்கு இழப்பீடு கேட்கவும் வழி இருக்கிறது.

---

கணக்கு நோட்டு

வரி விஷயத்தில் உங்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது, சீக்கிரமே கவனியுங்கள்.

உங்கள் பங்கு எளிது. வருடம் 96,000. அதில் நீங்கள் கட்டிய சொத்து வரியில் உங்கள் பாதியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதம் நிலையான கழிவு. பெயிண்ட், பிளம்பர் பில் எதையும் தனியாகக் கழிக்க முடியாது, எல்லாம் அந்த 30க்குள் அடக்கம். குடியிருப்பவர் உங்கள் பங்குக்கு டிடிஎஸ் (வாடகை கொடுக்கும்போதே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது) பிடிக்க வேண்டியதில்லை. தனிநபர் வாடகைதாரருக்கு மாதம் 50,000 தாண்டினால்தான் அந்த விதி (அதுவும் அக்டோபர் 2024 முதல் 5 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்துவிட்டது).

அண்ணன் வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் கதை வேறு. அவருக்கு இந்த 50,000 வரம்பே கிடையாது. மாதம் 8,000 கொடுத்தாலும் கொடுப்பவர் பிடித்தம் செய்ய வேண்டும். 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2. அதாவது 8,000க்கு 2,496 பிடித்து, 5,504தான் அண்ணன் கணக்குக்குப் போகும். பிடிப்பவருக்கு டான் எண் (வரி பிடிப்பவருக்கு வருமான வரித் துறை தரும் தனி எண்) வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இதைக் கேட்டதுமே பாதிப் பேர் வேறு வீடு பார்க்கப் போய்விடுவார்கள். சொல்லாமல் விட்டால், பின்னால் நோட்டீஸ் வருவது உங்களுக்கு இல்லை, அவர்களுக்கு. அது இன்னும் மோசம்.

சரியான வழி, அண்ணன் வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது. இந்தியாவில் வேறு வருமானம் அதிகம் இல்லையென்றால் பிடித்தம் மிகவும் குறையும், சில சமயம் இல்லாமலே போகும். சான்றிதழ் ஒரு நிதியாண்டுக்குத்தான், வருடா வருடம் வாங்க வேண்டும். பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறுவதும் நடக்கும், ஆனால் பணம் ஒரு வருடம் முடங்கும்.

முழு வாடகையையும் உங்கள் கணக்கில் வாங்கி அண்ணனுக்கு அனுப்பிக்கொள்கிறோம் என்று நினைக்காதீர்கள். பணம் யார் கணக்கில் விழுந்தாலும், கூட்டுப் பத்திரம் என்றால் வருமானம் பங்குப்படிதான். அண்ணனின் பங்கு என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வருமானத்தைப் போடும் வங்கிக் கணக்கு) போகட்டும்.

குடிவருபவர் அலுவலகத்தில் வீட்டு வாடகைப்படிக்குக் கணக்குக் காட்டினால், வருட வாடகை 1,00,000 தாண்டுவதால் உங்கள் இருவர் பானும் கேட்பார். தயங்காமல் கொடுங்கள். அவர் காட்டும் வாடகையும் நீங்கள் ரிட்டர்னில் காட்டும் வாடகையும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி வரும்.

---

திருகாணி

ஈபி பத்தி யாரும் சொல்லலையே. இணைப்பு உங்க பேர்லயே இருக்கட்டும், பதிவான மொபைல் நம்பரும் உங்களோடதா இருக்கட்டும். குறுஞ்செய்தி உங்களுக்கு வரும், கட்டறது அவங்க. ரீடிங் எடுத்த நாள்லேர்ந்து 20 நாள்தான் அவகாசம். அவங்க கட்டாம போனா ஃபியூஸ் பிடுங்கறது உங்க இணைப்பைத்தான், பாக்கி நிக்கறதும் உங்க எண்ல.

ரெண்டு மாசத்துக்கு ஒரு பில்லுங்கறதால நடுவுல காலி பண்றப்ப கணக்கு குழம்பும். முதல்ல கொஞ்சம் யூனிட் இலவசம், 500 தாண்டினா கீழ்ப்படி யூனிட்டுக்கும் விலை ஏறும். அதனால 'யூனிட்டுக்கு இவ்வளவு'ன்னு தோராயமாப் போட்டா யாரோ ஒருத்தர் ஏமாறுவார். சுலபமான வழி: காலி பண்ற அன்னைக்கு ரீடிங் போட்டோ எடுங்க. பில் வந்ததும் யூனிட் விகிதத்துல பிரிங்க. மொத்தம் 420 யூனிட், பழையவர் 300 ஓட்டியிருந்தா பில்லுல ஏழுல அஞ்சு பங்கு அவருது. அதுவரைக்கும் அட்வான்ஸ்ல ஒரு சின்னத் தொகையை மட்டும் நிறுத்தி வெச்சுக்குங்க, மொத்தத்தையும் இல்ல.

பெயிண்ட் அளவு: 850 சதுர அடி வீட்டுக்குச் சுவரும் கூரையும் சேர்த்து 2,500லேர்ந்து 3,000 சதுர அடி வரும். சாதாரண எமல்ஷன் ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100லேர்ந்து 120 சதுர அடின்னு வெச்சா 25 லிட்டர் சுமார். அதே கலர்ல ஒரு கோட்டுன்னா பாதி. கலர் கோடை எழுதி வெச்சு ஒரு லிட்டர் மிச்சம் வைங்க, ஆணி ஓட்டையை அடைச்சா தொட்டு விட ஆகும். அடுப்பு மேடைக்கு மேல உள்ள எண்ணெய்க் கறையைச் சோப்புத் தண்ணியில கழுவிக் காயவிட்டு, பிரைமர் அடிச்ச பிறகுதான் பெயிண்ட். நேரா அடிச்சா மூணாவது மாசமே மஞ்சள் மேல எழும்பிடும்.

---

தாழ்வாரம்

தூரத்தில் இருக்கும் உரிமையாளர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'வருடம் முழுக்க வாடகை எங்கள் பொறுப்பு, நீங்கள் வீட்டுப் பக்கமே வர வேண்டாம்' என்று ஒரு நிறுவனமோ தனி ஆளோ வந்தால் கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள். உங்களிடம் மாத வாடகைக்கு எடுத்து, வேறு குடும்பத்திடம் மொத்தமாக 5 லட்சம், 8 லட்சம் என்று லீசுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, சில மாதம் உங்களுக்கு வாடகை கட்டிவிட்டு மறைந்துபோவது சென்னையில் தெரிந்த மோசடி. உள்ளே இருப்பவர் லீஸ் பத்திரத்தைக் காட்டுவார், பணம் கொடுத்தால்தான் இறங்குவேன் என்பார். அவரும் ஏமாந்தவர்தான்.

எனவே உள்வாடகைக்கு விடக் கூடாது என்ற வரியும், தங்கப்போகிற ஒவ்வொருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். நேரில் பார்த்தவரிடமே சாவி கொடுங்கள். வாடகை எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று மாதா மாதம் பாருங்கள். ஒப்பந்தத்தில் இல்லாத பெயரிலிருந்து வர ஆரம்பித்தால், அந்த வாரமே 24 மணி நேர நோட்டீஸ் கொடுத்துச் சித்தப்பாவை அனுப்புங்கள்.

---

மேல்மாடி

முடிவு செய்தாகிவிட்டது: அட்வான்ஸ் 48,000, ஜூன் 1 தொடக்கம், பதிவு எண் வாங்கிய பிறகே சாவி. அண்ணன் சான்றிதழுக்கு இந்த வாரமே விண்ணப்பிக்கிறார். சனிக்கிழமை சித்தப்பா நஹானி ட்ராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டுகிறார், கீழ்வீட்டில் சொல்லியாகிவிட்டது. ஈரம் இறங்கினால் கூரைப் படத்தோடு இங்கேயே வருகிறேன்.